ஷேடு வித்தியாசம்

பதினெட்டாயிரம் பீஸ்.
நெஞ்சில் மூன்று மலை, நடுவே ஓர் ஏரி,
கரையில் ஒரு கரடி,
கீழே வளைத்து எழுதிய ஏதோ வனப்பூங்காவின் பெயர்.
எந்த ஊரு ஏரிங்க என்று கேட்டேன்.
பிசிறைப் பாரு போதும் என்றார் சூப்பர்வைசர்.

பார்த்தேன்.
நீலம் கரை தாண்டிக் கசிந்திருந்தால்
சிவப்பு ஸ்டிக்கர், ஓரக் கூடை.
ஒன்றரை மாதம்
கரடியின் காதோரம் நூல் வெட்டியபடி
அந்த ஏரியில்தான் இருந்தேன்,
டியூப்லைட் வெளிச்சத்தில்,
கால் நனையாமல்.

கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய மறுநாள் ஞாயிறு.
துணி ரோல் ஏற்றும் ஆம்னியைக் கழுவி
பின்சீட்டை மறுபடி முடுக்கினார்
என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி.
கைமடி கருணாம்பிகை, அவள் மகன் தர்னீஷ்,
பாலித்தீன் கவரில் தக்காளிச் சோறு.

பொள்ளாச்சி தாண்டியும் தென்னை தீரவில்லை.
தீர்ந்த இடத்தில்
யாரோ குறுக்கே நிறுத்திவிட்டுப் போன லாரி மாதிரி
மலை.

ஆழியாறு செக்போஸ்டில் கார்டு குனிந்து பார்த்தார்.
'சோறு போலாம். கவரு போகாது.'
பாதி தூக்குப்போசிக்கு.
மீதி அங்கேயே, நின்றபடி, எங்கள் வயிற்றுக்கு.

அதுதான் தப்பாகிப் போனது.
நாற்பது கொண்டை ஊசி வளைவில்
நான்காவதிலேயே எலுமிச்சையை முகர ஆரம்பித்தாள் கருணாம்பிகை.
ஏழில் வண்டி நின்றது.
'கம்பெனிக்குப் போயிருந்தா
இன்னிக்கு டபுள் சம்பளமுங்க்கா'
என்று வாயைத் துடைத்து நிமிர்ந்தவள்
அப்படியே நின்றாள்.
தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு.
அசை போட்டபடி
எங்களை மேலும் கீழும் பார்த்தது,
தையல் சரியில்லை என்பதுபோல.

ஒன்பதில் இறங்கிப் பார்த்தால் கீழே அணை.
இஸ்திரி போட்டு விரித்திருந்தது, ஒரு சுருக்கம் இல்லை.
நடுவில் யாரோ ஒரு பொத்தான் தைத்திருந்தார்கள்.
படகாக இருக்கும்.

அட்டகட்டிக்கு மேலே காடு இருட்டாகி
ஓர் இருவாச்சி சாலையைக் கடந்தது.
ஸ்டீம் அயர்ன் மூச்சு விடுகிற சத்தம்.
புதுத்தோட்டத்தில்
மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில்
சிங்கவால் குரங்குகள், ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.
மங்கலம் ரோட்டில்
ஆம்புலன்சைப் பார்த்தே ஹாரன் அடிக்கிற மனுசன்
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குச் சோலையாறு.
மலை மூன்றில்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன்.
கலர் கார்டில் இல்லாத ஒரு நீலம்,
மேகம் நகர்ந்ததும் பச்சை,
அப்புறம் ஈயம்.
எந்த லாட்டிலும் சேராது.
மழைத் தண்ணீர் ஏறிக் கரையைக் காணோம்.
புல் தண்ணீருக்குள் நின்றுகொண்டே ஆடியது.
இதுவரை ஏரி, இதற்கப்புறம் நிலம் என்று
ஒரு கோடு கிடையாது.

தர்னீஷ் போட்டிருந்தது
கிலோ விலைக்கு வந்த ரிஜெக்ட் பனியன்.
அவன் நெஞ்சில் ஏரி அக்குள் வரை கசிந்து
கரடி பாதி நனைந்திருந்தது.
என் பையைக் குடைந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்தான்.
'இதும் கசிஞ்சிருக்குதுங் அத்தை. ஒட்டிறட்டா?'
கருணாம்பிகை சிரித்தாள்.
நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது பனி.
நாற்பது, முப்பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டு வந்தவன்
இருபதுக்குப் பக்கத்தில் தூங்கிப்போனான்.
எண் பலகைகளும் தெரியவில்லை.
எத்தனையாவது வளைவு என்று யாரும் கேட்கவில்லை.
வண்டிக்குள் என் சேலை ஓரத்தின் ஈர வாசம்,
சேறு, கொஞ்சம் புல்.

'நாளைக்குப் புது ஆர்டராமுங்க்கா.
கடலும் ஒட்டகமும்.'

'கடலா?' என்றார் வெள்ளிங்கிரி,
எதிரே எதுவும் தெரியாத அடுத்த வளைவுக்கு
ஹாரன் அடித்தபடி.